எந்தக் குழல்விட்டம் உயிரைக் காக்கும்?

தற்காப்புக்கு எந்த விட்டமுள்ள கைத்துப்பாக்கி ஏற்றது என்ற வினா நூறாண்டுக்கும் மேலாக வாதிக்கப்பட்டு வருகிறது. ஆயினும் அந்த வாதத்திலிருந்து உறுதியாகத் தெரியவந்தவை சிலவே என்பதும், அந்தச் சிலவும் துப்பாக்கியை நாடுவோர் எதிர்பார்க்கும் விடையைத் தருவதில்லை என்பதும் பரவலாக அறியப்படவில்லை. 2025 ஜனவரி 16ஆம் திகதி மன்னார் நீதிமன்றத்தின் முன்பாக நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். நீதி கேட்கும் வாசலிலேயே உயிருக்கு உத்தரவாதம் இல்லையெனில், தன் கையில் ஓர் ஆயுதம் வேண்டும் என்று ஒருவர் நினைப்பது இயல்பு. அந்த நினைப்பைக் கேலி செய்து ஒதுக்குவது தகாது; துப்பாக்கி உண்மையில் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை விளக்குவதே அதற்கு உரிய மறுமொழியாகும்.

குழல்விட்டம் என்பது துப்பாக்கிக் குழலின் உட்புற அகலமாகும். அதற்குப் பொருந்தும் சன்னத்தின் பருமனையும் அதே எண் குறிக்கிறது. போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மன்னார்க் கோட்டையின் காலத்தில், பீரங்கிகளை அவை எறியும் குண்டின் எடையைக் கொண்டே வகைப்படுத்தினார்கள். அந்த வழக்கத்தின் எச்சம் இன்றைய வேட்டைத் துவக்கில் உள்ளது. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டைக்கு இருக்கும் விட்டமே, அதாவது ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றரே, 12 போர் எனப்படுகிறது. ஆகவே எண் கூடும்போது குழல் சிறுக்கும். கைத்துப்பாக்கிகளோ அங்குலத்திலோ மில்லிமீற்றரிலோ அளக்கப்படுகின்றன. அங்கும் பெயரை முழுமையாக நம்பிவிட முடியாது, 0.38 ஸ்பெஷல் எனப்படும் தோட்டாவின் சன்னம் உண்மையில் 0.357 அங்குலமே உள்ளதால், அது 9 மில்லிமீற்றர்த் தோட்டாவின் சன்னத்தோடு கிட்டத்தட்ட ஒரே பருமனுடையது. சன்னம் ஒன்றாயினும் அதன் பின்னாலுள்ள வெடிமருந்தும் கோதின் நீளமும் வேறுபடுவதால் இரண்டின் வேகமும் வேறுபடும்.

சன்னத்தின் ஆற்றல் அதன் எடையோடு நேர்விகிதத்திலும், வேகத்தின் வர்க்கத்தோடும் வளர்வதால், பருத்த சன்னம்தான் வலியது என்ற பொதுநம்பிக்கை கணக்கில் நிற்பதில்லை. 1902 அளவில் ஜெர்மனியில் ஜோர்ஜ் லூகர் உருவாக்கிய 9 மில்லிமீற்றர்த் தோட்டா ஏறத்தாழ 8 கிராம் சன்னத்தை வினாடிக்கு 360 மீற்றர் அளவு வேகத்தில் அனுப்புகிறது. ஜோன் பிரவுணிங் அமைத்து 1911 முதல் அமெரிக்க இராணுவத்தில் வழங்கிய 0.45 அங்குலத் தோட்டா ஏறத்தாழ 15 கிராம் சன்னத்தை 260 மீற்றர் வேகத்தில் அனுப்புகிறது. பெருக்கிப் பார்த்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய 500 ஜூல்தான் வரும். 0.38 ஸ்பெஷலின் வழக்கமான தோட்டாவுக்கு அதில் பாதியளவும், சட்டைப்பையில் அடங்கும் 0.32 பிஸ்டலுக்கு மூன்றிலொரு பங்களவும் உண்டு. ஆனால் டி-56 என்ற நெடுந்துப்பாக்கியின் ரவை ஏறத்தாழ 2,000 ஜூலைச் சுமந்து செல்கிறது. 12 போர் துவக்கின் ஒரு வெடியும் அதற்குக் குறைந்ததன்று. கைத்துப்பாக்கிகளுக்குள் பெரிதென்றும் சிறிதென்றும் பேசப்படும் வேறுபாடெல்லாம், கைத்துப்பாக்கிக்கும் நெடுந்துப்பாக்கிக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியின் முன் மிகச் சிறியவை.

இந்த வேறுபாட்டை அளக்க முயன்ற வரலாறு அமெரிக்காவில் நன்கு பதிவாகியுள்ளது. பிலிப்பைன்சில் மோரோ போராளிகளை 0.38 ரிவோல்வர்கள் தடுத்து நிறுத்தவில்லை என்ற முறைப்பாட்டையடுத்து, 1904இல் தொம்சன், லாகார்ட் என்ற இரு இராணுவ அதிகாரிகள் சிக்காகோவின் இறைச்சித் தொழுவத்து மாடுகளிலும் மனிதச் சடலங்களிலும் சுட்டுப் பார்த்து, 0.45 அங்குலத்துக்குக் குறைந்த விட்டம் ஆகாது என்று பரிந்துரைத்தார்கள். மிகக் குறைந்த எண்ணிக்கையான விலங்குகளில், ஒரே சீரற்ற முறையில் செய்யப்பட்ட அந்தச் சோதனை இன்றைய ஆய்வு ஒழுங்குக்கு ஈடுகொடுக்காது. ஆயினும் அதன் முடிவு முக்கால் நூற்றாண்டுக்கு வேதவாக்காக நின்றது.

அதைவிட ஆழமாக இந்தத் துறையை அசைத்தது 1986 ஏப்ரல் 11ஆம் திகதி மயாமிப் பகுதியில் நடந்த மோதலாகும். வங்கிக் கொள்ளையன் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்த 9 மில்லிமீற்றர்ச் சன்னம் இதயத்தை எட்டுவதற்குச் சற்று முன்னரே நின்றுவிட்டது; பிழைக்க முடியாத காயத்தோடும் அவன் தொடர்ந்து சுட்டான், அமெரிக்க சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தின் முகவர் இருவர் இறந்தார்கள், ஐவர் காயமுற்றார்கள். சன்னம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதே முதன்மையானது என்று பணியகம் அதன்பின் முடிவு செய்து, சோதனைக்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. பத்து வீத ஜெலற்றினை நீரில் கரைத்து உறையவைத்து, 4 பாகை செல்சியஸ் குளிரில் வைத்த கட்டி தசையின் எதிர்ப்பைப் பெரும்பாலும் ஒத்திருக்கும். அதன் முன்னால் தடித்த உடை, ஒட்டுப்பலகை, மோட்டார் வண்டிக் கண்ணாடி போன்றவற்றை மாறிமாறி வைத்துச் சுடுவார்கள். ஒளி ஊடுருவும் அந்தக் கட்டிக்குள் சன்னம் சென்ற பாதை வெண்கோடாகத் தெரிய, அது நின்ற இடம் 30 முதல் 45 சென்ரிமீற்றருக்குள் அமைந்தால் ஏற்பர். முன்நுனி குழிந்த சன்னமாயின் உள்ளே இதழ் விரிந்தாற்போல் மலர்ந்து அகலமாகி நின்றிருக்கும். பணியகம் முதலில் 10 மில்லிமீற்றருக்கும் பின்னர் 0.40 அங்குலத்துக்கும் தாவி, குழிநுனிச் சன்னங்கள் திருந்திய பின் 2014இல் எடுத்த முடிவின்படி 9 மில்லிமீற்றருக்கே திரும்பியது. முப்பதாண்டு அலைச்சலின் பின் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தமைக்குக் காரணம், பருத்த தோட்டாக்களின் உதைப்பு கூடுதலாக இருப்பதும், அவற்றால் பலரது குறி பிசகுவதும், 9 மில்லிமீற்றர்ப் பெட்டகத்தில் கூடுதல் ரவைகள் கொள்வதும் ஆகும்.

கைத்துப்பாக்கிச் சன்னம் ஓர் ஆளைத் தூக்கி எறியும் என்று திரைப்படங்கள் காட்டுவது பொய். மூளையையோ முதுகுத்தண்டின் மேற்பகுதியையோ தொடாத சூட்டில், எதிராளி இரத்தம் இழந்தே விழ வேண்டும். இதயமே சிதைந்தாலும் மூளையில் எஞ்சியுள்ள ஒட்சிசன் அவனைப் பத்துப் பதினைந்து வினாடிகள் இயக்கவல்லது. அந்த வினாடிகளில் கத்தியோடு நிற்பவனும் நெருங்கிவிடலாம். மேலும், பட வேண்டிய இடத்தில் சன்னம் படுவதே அரிது. நியூயோர்க் பொலிசாரை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறிக்கையின்படி, எதிர்த்தரப்பும் சுடும் மோதல்களில் அவர்களது சூடுகளில் 18 வீதமே இலக்கில் பட்டன. ஊதியம் பெற்றுப் பயின்றவர்களின் நிலையே இதுவாயின், ஆண்டில் ஒருமுறைகூடச் சுட்டுப் பழகாத குடியானவரின் நிலை சொல்லாமலே விளங்கும். தவறிய சன்னங்களும் எங்கோ போய்ச் சேரவே செய்கின்றன. மன்னார்த் தீவின் கரையோரக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு எல்லையாக நிற்கும் கிடுகு வேலியும் தகர மறைப்பும், இங்கு சொல்லப்பட்ட எந்த விட்டத்துச் சன்னத்தையும் தடுத்து நிறுத்தமாட்டா. அப்பால் பாயில் உறங்கும் குழந்தைக்கும் அந்தச் சூட்டுக்கும் இடையில் ஓலைதான் இருக்கிறது.

சட்டத்தின் நிலையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ், இலங்கையில் எந்தத் துப்பாக்கியையும் அனுமதிப்பத்திரமின்றி வைத்திருக்க இயலாது, அப்பத்திரமும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். மன்னார் மாவட்டத்துக் கட்டுக்கரைக் குளத்தின் நீரால் விளையும் வயல்களைப் பன்றியிலிருந்து காக்க விரும்பும் விவசாயி மாவட்டச் செயலகத்தின் ஊடாக வேட்டைத் துவக்குக்கு விண்ணப்பிக்கலாம். உயிர்ப் பாதுகாப்புக்கான கைத்துப்பாக்கியோ பாதுகாப்பு அமைச்சின் தீர்மானத்துக்கு உட்பட்டது, மிகச் சிலருக்கே கிட்டுவது. அவ்வாறு வழங்கப்பட்டவற்றையும் மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு அமைச்சு 2024 நவம்பரில் பணித்தது. தற்காப்பு உரிமையைத் தண்டனைச் சட்டக்கோவை ஏற்கிறது. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேலான தீங்கை அது அனுமதிப்பதில்லை, தேவை எவ்வளவு என்பதை இரவில் சுட்டவர் பகலில் நீதிபதியின் முன் நிறுவ வேண்டும்.

கையிலுள்ள ஆயுதம் எப்போதும் கையிலேயே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 1978 ஏப்ரல் 7ஆம் திகதி மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதிக் காட்டுக்குள், பொலிஸ் இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளையும் உடன்சென்ற மூவரும் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டு சென்ற துணை இயந்திரத் துப்பாக்கியே பறிக்கப்பட்டு அவர்கள்மீது திருப்பப்பட்டது. துணை இயந்திரத் துப்பாக்கி என்பது கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுடும் கருவியாகும். பயிற்சியும் எண்ணிக்கையும் அதிகாரமும் உடைய நால்வருக்கு நேர்ந்த அந்த முடிவில் தோட்டாவின் விட்டத்துக்கு எந்தப் பங்கும் இருக்கவில்லை.

நகரத்தார் கைத்துப்பாக்கியைப் பற்றி வாதிக்கும் வேளையில், வன்னியின் காட்டோரங்களில் சாதாரண மக்களை ஊனமாக்கி வருவது விட்டமே வரையறுக்கப்படாத ஒரு கருவி என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். இரும்புக் குழாயில் வாய்வழியாக மருந்தையும் ஈயத்துண்டுகளையும் இடித்து நிரப்பும் இடியன் துவக்கை, பன்றி வரும் தடத்தில் கம்பி கட்டி வைத்துவிட்டால் அது கட்டுத்துவக்கு ஆகிறது. சட்டம் அதை முற்றாகத் தடுத்துள்ளது. பன்றியின் உயரத்துக்கு வைக்கப்படுவதால், இருட்டில் கம்பியில் தட்டுப்படும் மனிதருக்கு அது முழங்காலை அண்டியே வெடிக்கிறது. ஈயத்தோடு மண்ணும் துணி இழையும் எலும்புக்குள் புகுந்து காயம் சீழ்கட்டுவதால், உயிர் தப்பியவரும் காலை இழக்க நேரலாம். விறகுக்கும் தேனுக்கும் போகிறவரும் மாடு தேடிப் போகிறவரும் அதற்கு ஒன்றே. அதை வைத்தவர் தன் பயிரைக் காப்பதாகவே எண்ணுகிறார். அவர் வீட்டில் உறங்கிக் கொண்டிருக்கும்போதே அது வெடிக்கிறது, விடிந்த பின்னரே யாருக்கு வெடித்தது என்று தெரியவருகிறது.