தேளின் தலையில் ஓர் ஊடுகதிர் விளக்கு

ஆனித் திங்களில் நிலவில்லாத இரவொன்றில் வைகை மணலில் நின்று தென்வானை நோக்குமின். தேள் வடிவில் அமைந்த விண்மீன் கூட்டம் ஒன்று தோன்றும். அதன் தலைப்புறத்தே இருப்பது அனுடம். நடுவே செந்நிறமாய் ஒளிர்வது கேட்டை. வளைந்த வாலின் முனையில் உள்ளது மூலம். நம் நாட்டு உழவர், எழுத்தறியாதவரும், இவற்றைச் சுட்டிக் காட்டுவர். ஆயினும் அனுடத்துக்குச் சற்று வடக்கே உள்ள விந்தையை வெறுங்கண்ணால் எவரும் கண்டிலர்.

எலும்பு முறிந்தார்க்கு மருத்துவமனையில் படம் பிடிக்க உதவும் எக்ஸ் கதிரையே ஊடுகதிர் என்கிறோம். விண்ணினின்று வரும் ஊடுகதிரைக் காற்று மண்டலம் தடுத்துவிடுகின்றது. அது நமக்கு நன்மையே. எனினும் ஆராய்வோர்க்கு அது கண்ணை மறைக்கும் திரையாயிற்று. 1962ஆம் ஆண்டு சூன் திங்களில், ரிக்கார்டோ சியாக்கோனி முதலிய அறிஞர்கள் அமெரிக்காவில் கருவிகளை ஓர் இராக்கெட்டில் வைத்து அத்திரைக்கு மேலே செலுத்தினர். அவர்கள் தேடியது நிலாவினின்று வரும் ஊடுகதிர். ஏறத்தாழ ஆறு நிமிட நேரத்தில் அவர்களுக்குக் கிட்டியதோ, தேளின் திசையிலிருந்து வந்த பேரொளி. கிணறு வெட்டப் புதையல் கிடைத்தது போலாயிற்று. 'தேள் எக்ஸ்-1' என்பது அதற்கு வழங்கும் பெயர். அது சுமார் 9,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது.

அங்கே இருப்பன இரண்டு விண்மீன்கள். அவை ஏறத்தாழ 19 மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒன்று சிறிய விண்மீன். மற்றொன்று நியூட்ரான் விண்மீன். பெரிய விண்மீன் எரிபொருள் தீர்ந்து வெடிக்குங்கால், அதன் நடுப்பகுதி தன் பாரத்தாலேயே ஒடுங்கி நியூட்ரான் விண்மீன் ஆகின்றது. சூரியனிலும் மிக்க பொருள் அதனுள் அடங்கியிருப்பினும், அதன் விட்டம் சுமார் 20 கிலோமீட்டர்தான். மதுரையினின்று அழகர்கோயிலுக்குச் செல்லும் தொலைவே!

இத்துணைப் பாரமுடைய சிறுபொருள் தன் துணைமீனின் வாயுவைத் தன்பால் ஈர்க்கின்றது. அவ்வாயு நேரே விழுவதில்லை. கண்மாய் மடையில் நீர் சுழித்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல அது வட்டத் தட்டாய்ச் சுழன்று, உட்செல்லச் செல்ல விரைவு மிகுந்து, ஒன்றோடொன்று உராய்ந்து, கோடிக்கணக்கான பாகை வெப்பம் எய்துகின்றது. அவ்வெப்பமே ஊடுகதிராய் வெளிப்படுகின்றது. பெரியாற்று நீர் மலையினின்று குழாய்வழி இறங்குகையில் பொறிகளைச் சுழற்றி மின்னாற்றல் தந்து, பின் வைகை வழியே நம் வயல்களுக்கு வருகின்றதன்றோ? இரண்டிடத்தும் ஆற்றல் பிறப்பது வீழ்ச்சியினால்தான். ஆனால் அளவில் எத்துணை வேறுபாடு! சூரியனுள் ஒரு கிலோ ஐட்ரசன் ஈலியமாக மாறுகையில் தரும் ஆற்றலினும், நியூட்ரான் விண்மீன்மேல் விழும் ஒரு கிலோ பொருள் தருவது பத்து மடங்குக்கு மேலாகும்.

தேளின் வாலில், மூலத்தின் அருகேயும் இத்தகைய இரட்டை ஒன்று உண்டு. அங்கு விழுந்து குவிந்த பொருள் இடையிடையே திடீரெனப் பற்றிச் சில நொடிகள் எரியும். 2015 செப்டம்பர் 28ஆம் நாள் சீஅரிக்கோட்டாவினின்று ஏவப்பெற்ற நம் 'ஆஸ்ட்ரோசாட்' துணைக்கோளில், மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆக்கிய கருவி ஒன்று இருந்தது. அஃது அவ்வெரிவின் துடிப்பை அளந்தது. நொடிக்கு 363 துடிப்பு! அவ்விண்மீன் தன்னைத் தானே சுற்றும் வேகம் அதுவே. நாம் கண்ணிமைத்துத் திறப்பதற்குள் அது முப்பது சுற்றுக்கு மேல் சுற்றிவிடும்.