கண் அசைந்தால் லேசர் என்ன செய்யும்?

ஓசூர் சிப்காட்டில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறவருக்கு மைக்ரான் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜாப்பை சக்கில் சரியாக இறுக்காமல் டூலை இறக்கினால் அளவு தப்பிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். லேசரால் பார்வைப் பவரைச் சரிசெய்யும் லேசிக் சிகிச்சை செய்துகொள்ள அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்குப் போக நினைக்கும் இளைஞருக்கு அந்தக் கவலைதான் முதலில் வருகிறது: "லேசர் அடிக்கும்போது கண்ணை அசைச்சுட்டா என்ன சார் ஆகும்?"

நியாயமான பயம். கண்ணின் முன்பக்கத்தில் ஒளியை உள்ளே விடும் படலமான கார்னியாவின் தடிமன், நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர்தான். மைனஸ் 4 பவரைச் சரிசெய்ய, 6 மி.மீ. வட்டத்தின் நடுவே ஏறக்குறைய 50 மைக்ரான் செதுக்க வேண்டும். ஒரு லேசர் துடிப்பு எடுப்பது கால் மைக்ரான் அளவு.

சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் இப்படிச் செதுக்க வழி கண்டவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்த அவர், 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியை ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், 193 நானோமீட்டர் புற ஊதா லேசரை அதன்மேல் பாய்ச்சினார். கருகாமல் சுத்தமாக வெட்டியது. 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலும் அவரும் அதே லேசரைக் கார்னியாவில் சோதித்தார்கள். லேசிக்கின் வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் கண்ணைச் சக்கில் மாட்ட முடியாது. ஒரே புள்ளியை உற்றுப் பார்க்கும்போதும் விழி நுண்ணிதாக நடுங்கும், மெல்ல நகரும், சட்டென்று துள்ளும். நாம் உணர்வதே இல்லை. இந்த அசைவு பழுதும் அல்ல. பார்க்கும் உருவம் விழித்திரையில் ஒரே இடத்தில் நிற்கும்படி செய்த 1950களின் சோதனைகளில், சில நொடிகளில் அந்த உருவமே மங்கி மறைந்துபோனது. பார்வை நிலைக்கக் கண் அசைந்தே ஆகவேண்டும்!

ஆகவே லேசர்தான் கண்ணைத் துரத்திப் போகிறது. அகச்சிவப்புக் கேமரா கண் பாப்பாவின் இடத்தை நொடிக்குப் பல நூறு முறை பார்க்கிறது. சில கருவிகளில் ஆயிரம் முறைக்கும் மேல். விழி நகர்ந்த அளவுக்குக் கண்ணாடிகள் திரும்பி, அடுத்த துடிப்பைச் சரியான இடத்தில் விழவைக்கின்றன. அசைவு எல்லை மீறினால் லேசர் தானாக நிற்கும். கண் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இன்னொரு நுட்பமும் உண்டு. உட்கார்ந்திருந்தவர் படுத்தால் விழி சில டிகிரி சுழலக்கூடும். சிலிண்டர் பவர் உள்ளவருக்கு அது பெரிய விஷயம். அதனால் பாப்பாவைச் சுற்றியுள்ள கோலத்தை முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, கருவி அந்தக் கோணத்தையும் திருத்திக்கொள்கிறது.

மேஜையில் படுத்தவருக்கு என்ன வேலை? மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். இமையைக் கம்பி விரித்துப் பிடித்திருக்கும், சிமிட்ட முடியாது. மேல்படலத்தை மூடிபோல அறுக்க, உறிஞ்சிப் பிடிக்கும் வளையத்தை வைப்பார்கள். அழுத்தம் தெரியும், பார்வை சில நொடி இருளும். உதறாமல் இருக்க வேண்டிய நேரம் அதுதான். பிடி விட்டுப்போனால் மருத்துவர் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். படலத்தைத் தூக்கியதும் எதிரே உள்ள விளக்கு கலங்கலாகத் தெரியும். அதையே பார்த்திருந்தால் போதும். முடி கருகியதுபோல ஒரு வாடை வரும், பயப்பட வேண்டாம். லேசர் வேலை பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஸ்மைல் என்ற முறையில் மட்டும் கதை வேறு: அங்கே லேசர் துரத்தாது, உறிஞ்சும் பிடியே கண்ணை நிறுத்துகிறது. அந்தப் பிடி இருக்கும் நேரம் முழுவதும் இமையை இறுக்காமல், தலையைத் திருப்பாமல் இருக்க வேண்டும்.

என் கணிப்பில், கண் அசைவதைவிடக் கவலைப்பட வேண்டியது சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை. கார்னியா மெலிந்திருந்தாலோ, கூம்பாகப் புடைக்கும் கெரட்டோகோனஸ் நோயின் சாயல் இருந்தாலோ, எவ்வளவு வேகமான கருவியும் காப்பாற்றாது. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் மருத்துவர் சொல்லும் நாள்வரை அதைக் கழற்றி வைத்த பிறகே ஸ்கேன் எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் அளவே தவறும். கிரைண்டிங் தூசியில் வேலை செய்கிறவர்கள் எப்போது ஷிஃப்டுக்குத் திரும்பலாம் என்பதையும் முன்பே கேட்டு வையுங்கள். கண்ணைக் கசக்கினால் மேல்படலம் விலகிவிடக்கூடும்.

பேக்கேஜ் விலையைப் பேசுவதற்கு முன் ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கி மருத்துவரிடம் கேளுங்கள்: என் கார்னியாவின் தடிமன் எவ்வளவு, செதுக்கிய பின் எவ்வளவு மிஞ்சும், கூம்பு நோயின் அறிகுறி ஏதும் உண்டா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்த பிறகு தேதி வாங்குங்கள்.