ஊருணிப் பாசியும் ஒரு கிராம் பச்சைப் பொடியும்

செட்டிநாட்டில் கோயிலை ஒட்டி ஊருணி அமையாத ஊரைக் காண்பது அரிது. செம்புராங்கல் அடுக்கிய படித்துறை, சுற்றிலும் மதில், மழைநீர் வந்து சேரும் வரத்துக்கால், அதனைக் காக்க ஊரார் வகுத்த கட்டுப்பாடு என ஒவ்வொன்றிலும் முன்னோரின் அறச்சிந்தை துலங்கும். படிகளில் பாசி படிந்தால் ஆள் வைத்துச் சுரண்டி எடுப்பது வழக்கம். 'பாசி வழுக்கும், பார்த்து இறங்கு' என்று பேரனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற அப்பத்தாமார்களின் இல்லங்களில், இன்று பாசி இனத்தைச் சேர்ந்த ஒன்று புட்டியில் அடைத்த மாத்திரையாகத் திருநீற்று மடலுக்கு அருகிலேயே இடம்பிடித்திருக்கிறது. அதன் பெயர் சுருள்பாசி. 'ஸ்பைருலினா' என்றால் மருந்துக்கடைக்காரருக்கு எளிதில் விளங்கும்.

தைப்பூசம் நெருங்கும் நாள்களில் இதன் மீது கூடுதல் நாட்டம் பிறக்கிறது. குன்றக்குடி சண்முகநாதப் பெருமானை வணங்கி, காவடி ஏந்திப் பழநிக்கு நடந்து செல்லும் நகரத்தார் யாத்திரை நானூறு ஆண்டுகளுக்கும் மேலான மரபுடையது. ஏறத்தாழ ஒரு வாரம் நடக்க வேண்டும். வயது அறுபதைத் தாண்டியவர்களும் அதில் உண்டு. உடம்பில் தெம்பு வேண்டுமே என்று பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பச்சை மாத்திரைகளையும் மூலிகைப் பொடிகளையும் அனுப்பிவைக்கிறார்கள். இவை உண்மையிலேயே வலிமை தருமா, விரதத்தில் கொள்ளலாமா, சைவம்தானா என்ற வினாக்கள் எழுவது இயல்பே.

சுருள்பாசி நம் நாட்டுக்குப் புதியதாகத் தோன்றினாலும் மனித உணவாக அது மிகப் பழையது. மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ ஏரியில் அஸ்டெக் மக்கள் இதனை வலையால் அரித்து உலர்த்தி உண்டதைப் பதினாறாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற ஸ்பானியர் எழுதிவைத்துள்ளனர். ஆப்பிரிக்காவின் சாடு ஏரிக்கரைப் பெண்கள் இன்றும் இதனை அள்ளி, மணலில் உலர்த்தி, அடையாக்கிக் குழம்பில் சேர்க்கிறார்கள்.

தமிழகத்தில் இந்தப் பாசிக்கு வழி திறந்ததில் செட்டிநாட்டுக்கு நேரடித் தொடர்பு உண்டு. காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பச் செட்டியார் குடும்பத்தாரின் பெயரால் சென்னையில் 1970களின் பிற்பகுதியில் ஓர் ஆராய்ச்சி மையம் தோன்றியது. அதனை வழிநடத்தியவர் அறிவியலறிஞர் சி.வி. சேஷாத்ரி. ஏழை மக்களுக்குப் பயன்படாத அறிவியலை அவர் பெரிதாக மதித்ததில்லை. சுருள்பாசியை ஆலைக்குள் மட்டும் வளர்க்காமல், கிராமத்துப் பெண்கள் மண்பானையிலும் சிறு தொட்டியிலும் வளர்க்கும் எளிய முறைகளை அம்மையம் உருவாக்கியது. சமையல் சோடா கலந்த காரத்தன்மையுள்ள நீர், நல்ல வெயில், நாளுக்குப் பலமுறை கலக்கிவிடும் கை, வடிகட்ட ஒரு துணி ஆகியவையே அதன் முதன்மைத் தேவைகள். அந்தக் கார நீரில் பெரும்பாலான பிற நுண்ணுயிர்கள் வளர இயலாது என்பதே இதிலுள்ள நுட்பம்.

அம்மையத்தின் நோக்கம் செல்வர் வீட்டுச் சுறுசுறுப்பு அன்று. குழந்தைகளின் கண்கள். வைட்டமின் 'ஏ' குறைவால் கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுரை படிந்தாற்போன்ற திட்டுகள் தோன்றும், மாலைக்கண் வரும், கவனியாது விட்டால் பார்வையே போய்விடும். 1990களின் தொடக்கத்தில், கிராமப்புறத்தைச் சேர்ந்த சுமார் 5,000 சிறு குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒரு கிராம் சுருள்பாசி சில மாதங்கள் கொடுக்கப்பட்டது. கண்ணில் திட்டு கொண்டிருந்த குழந்தைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்ததாக மையம் தெரிவித்தது. ஒரு கிராம் என்பது அரைத் தேக்கரண்டி அளவுக்கு மேல் வராது.

இன்று காரைக்குடிக்கு வடக்கே, புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில், அதே குழுமத்தைச் சேர்ந்த பாரி நிறுவனத்தின் பாசிப் பண்ணை நீண்ட நீர்த்தடங்களில் பச்சை பூத்துக் கிடக்கிறது. அங்கு விளைவது கடல் கடந்தும் செல்கிறது. வறண்ட பூமி, ஓயாத வெயில் என்று இப்பகுதியைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளுள் வெயிலாவது இந்தப் பயிருக்கு வரமாயிற்று.

ஆனால் ஊருணியிலோ கோயில் தெப்பக்குளத்திலோ பச்சையாய் மிதப்பதை யாரும் அள்ளி உண்ணலாகாது. தேங்கிய நீரில் பெருகும் சில நீலப்பச்சைப் பாசிகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரப்பவை. வாங்கும் பொடியும் நம்பகமான பண்ணையில் விளைந்து, சோதனைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். மண்டபம், இராமேசுவரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் கடற்பாசியும் வேறு வகை. அதிலிருந்து எடுக்கும் 'சைனா கிராஸ்' பாலை உறையவைக்கும். உடலுக்குப் புரதம் தராது. பெயர் ஒற்றுமையால் பலர் இரண்டையும் ஒன்றெனக் கருதிவிடுகின்றனர்.

சைவமா என்ற வினாவுக்கு வருவோம். பாசி புலால் அன்று. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பியம் வகுத்தது. இதுவோ அவற்றினும் நுண்ணியது. தயிரில் வாழும் நுண்ணுயிர்களோடு ஒப்பிடத்தக்கது. ஐயத்துக்கு இடம் தருவது பாசி அன்று, அதனைப் பொதிந்திருக்கும் உறை. வழவழப்பான கேப்சூல் உறைகளுள் பல, கால்நடைகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. உணவுப்பொருளாக விற்கப்படுவதில் பச்சைப் புள்ளி உள்ளதா என்று பார்க்கலாம். மூலிகை மருந்தாக விற்கப்படுவதில் அந்தப் புள்ளி இல்லாமலும் இருக்கக்கூடும். கேட்டு அறிந்து வாங்குவதே விரதம் காப்போர்க்கு உகந்தது. பொடியாகவோ வெறும் வில்லையாகவோ வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

வலிமை தருமா? உலர்ந்த சுருள்பாசியில் பாதிக்கு மேல் புரதம் என்பது உண்மை. எனினும் ஒரு கிராமில் பாதி என்றால் அரை கிராம்தானே! சன்னதியில் பிரதோஷத்தன்று கிடைக்கும் ஒரு தொன்னைக் கொண்டைக்கடலைச் சுண்டலில் அதைப்போல் பல மடங்கு புரதம் உண்டு. பாத யாத்திரை வழியெங்கும் அன்பர்கள் தரும் பானகத்தின் வெல்லமே நடப்பவரின் காலுக்கு உடனடி ஆற்றல். வியர்வையில் இழந்த உப்பையும் நீரையும் நீர்மோர் ஈடுசெய்யும். பச்சை மாத்திரை உண்டதும் உடனே தெம்பு பிறந்ததாகச் சொல்வோரின் அனுபவத்தை மறுக்க வேண்டியதில்லை. அதனைப் பாசியின் கணக்கில் எழுதத்தான் தயக்கம்.

இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. சைவ உணவினர்க்குக் குறையக்கூடிய வைட்டமின் பி12, சுருள்பாசியில் நிரம்ப உள்ளது என்று பல புட்டிகள் பறைசாற்றுகின்றன. அதில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போன்ற தோற்றமுடைய வேறொரு பொருள். மனித உடலுக்கு அது பயன்படுவதில்லை. அதை நம்பிப் பாலும் தயிரும் குறைத்துக்கொண்ட முதியவர்க்குக் களைப்பு, மறதி, பாதத்தில் மரமரப்பு எனக் குறைபாடு மெல்ல வளரும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொள்வோர்க்கு இந்தக் குறைவு ஏற்படும் வாய்ப்பு மேலும் அதிகம். செட்டிநாட்டில் நீரிழிவு இல்லாத வீடு எத்தனை? இரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால், மருத்துவர் தரும் பி12 மாத்திரை நுண்ணுயிர் நொதித்தலால் ஆக்கப்படுவது. சைவ நெறிக்கு முரணானது அன்று.

மூலிகைகளின் கதை இதற்கு மாறானது. அவை நம் அடுப்படியிலேயே பிறந்தவை. வடலூர் வள்ளற்பெருமான் அன்றாட வாழ்வுக்கு வகுத்த விதிகளில் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிப் பருகச் சொன்னார். அவற்றுள் கரிசாலை ஒரு பங்கு, ஏனையவை கால் பங்கு என அளவும் குறித்தார். சித்த மருத்துவரும் மருந்தோடு துணைமருந்தும் பத்தியமும் சேர்த்தே சொல்வார். இன்று வணிகப் புட்டியில் அந்த இரண்டும் கழன்றுபோய்ப் பொடி மட்டும் வருகிறது.

அமுக்கரா இதற்கு எடுத்துக்காட்டு. 'அஸ்வகந்தா' என்ற பெயரில் உலகெங்கும் தெம்புக்கும் உறக்கத்துக்கும் விற்பனையாகும் இக்கிழங்கு, தைராய்டுச் சுரப்பைக் கூட்டக்கூடியது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடியது. ஏற்கெனவே அவற்றுக்கு மருந்துண்போர் இதனையும் சேர்த்துக்கொண்டால் மருந்தின் விளைவு மாறக்கூடும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும். சுருள்பாசியையும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்போரும், உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கும் மூட்டுவாதம் போன்ற நோயுடையோரும் மருத்துவரைக் கேளாது தொடலாகாது.

முருங்கைக்கீரைக்கு இத்தகைய எச்சரிக்கைகள் மிகக் குறைவு. குழந்தைகளின் கண்ணுக்கு அந்த ஆய்வு மையம் தேடிய சத்து அதிலும் உண்டு. கொல்லையில் மரம் நிற்கும் வீட்டில் அதை உண்ண மறந்து புட்டிக்குப் பணம் கொடுப்பது வியப்பாகத்தான் இருக்கிறது.

குன்றக்குடியில் காவடி கட்டுமுன் முதியவர்கள் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம் வேறு உண்டு. யாத்திரைக்கு ஒரு மாதம் முன்பே சர்க்கரை, இரத்த அழுத்தம், இரும்புச்சத்து, பி12 ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது நலம். உண்ணும் பச்சை மாத்திரையையும் மூலிகைப் பொடியையும் மறைக்காமல் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்ட வேண்டும். நடையின்போது பாதம் மரத்தால், தொலைதூரம் நடந்த களைப்பு என்று ஒதுக்கிவிடாமல், பழநியிலிருந்து திரும்பியதும் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.