மழை விடும்வரை காத்திருக்க வேண்டுமா? கொச்சி சாலைக் குழிகளும் 'மூட்டைத் தாரும்'

கொச்சி: மட்டாஞ்சேரியின் டச்சு அரண்மனையையும், 1568-ல் கட்டப்பட்ட யூத ஆலயத்தையும் காண வரும் பயணிகளுக்கும், பஜார் வீதிக் கிடங்குகளுக்கு அரிசியும் மளிகையும் ஏற்றிவரும் லாரிகளுக்கும் அதே குறுகிய சாலைகள்தான். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கொச்சி நகரச் சாலைகளில் குழிகள் விழுகின்றன. "மழை விட்டதும் மூடப்படும்" என்பதே ஆண்டுதோறும் கிடைக்கும் பதில்.

அந்தப் பதிலில் பாதி உண்மை உண்டு. வழக்கமான தார்க் கலவை சுமார் 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தயாராகிறது. ஆறுவதற்குள் அதைப் பரப்பி, உருளை ஓட்டி இறுக்கியாக வேண்டும். ஈரத் தரையில் அது ஒட்டாது. நாலைந்து குழிகளுக்காக லாரி நிறையக் கலவை கொண்டுவந்தால், வேலை முடிவதற்குள் மீதி இறுகிவிடும்.

மீதிப் பாதியைப் பொய்யாக்குகிறது ஆயத்தக் குளிர் கலவை. தாரை நீரில் பால்மமாக்கியோ, மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானால் இளக்கியோ பொடி ஜல்லியுடன் கலந்து மூட்டைகளில் அடைக்கிறார்கள். அடுப்பும் ஆலையும் தேவையில்லை. மூட்டையைப் பிரித்துக் கொட்டி இறுக்கினால் சற்று நேரத்தில் வாகனங்களை அனுமதிக்கலாம்.

இதற்கான விதிமுறைகள் புதிதல்ல. இந்திய சாலைக் காங்கிரஸ் 2014-லேயே குளிர் கலவைத் தொழில்நுட்பத்துக்கும் (ஐஆர்சி 100), குழி மூடும் ஆயத்தக் கலவைக்கும் (ஐஆர்சி 116) தனித்தனி நெறிகளை வெளியிட்டுள்ளது.

கொட்டினால் போதாது

குழி விழக் காரணம் நீர். விரிசல் வழியே இறங்கும் மழைநீர் அடித்தளத்தை இளக்குகிறது. மேலே ஓடும் சக்கரம் அந்த நீரை அழுத்தி ஜல்லியைப் பெயர்க்கிறது. எனவே தேங்கிய நீரையும் சேற்றையும் அகற்றாமல் கலவையைக் கொட்டினால் அடுத்த மழையில் அது பெயர்ந்துவிடும்.

குழியின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, தளர்ந்த ஜல்லியை அள்ளி, கலவையை அடுக்கடுக்காக நிரப்பி ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். இறுகும்போது தாழும் என்பதால் கடைசி அடுக்கு சாலை மட்டத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். வீட்டு வாசலில் வாகனம் ஏறும் பாதையைச் சீர்செய்வோருக்கும் இதே முறைதான்.

விலை சூடான கலவையைவிட அதிகம். அடித்தளமே கெட்ட சாலைக்கு இது தற்காலிக ஒட்டு மட்டுமே. வடிகாலைச் சீராக்காமல் எந்தத் தாரும் நிற்காது.

2022 ஆகஸ்டில் நெடும்பாசேரி அருகே தேசிய நெடுஞ்சாலைக் குழியில் ஸ்கூட்டர் விழுந்து ஒருவர் உயிரிழந்தார். கேரள உயர் நீதிமன்றம் தலையிட்ட பின் மழைக்கிடையே ஆயத்தக் கலவை கொட்டப்பட்டது. ஆனால், முறையாக இறுக்கப்படவில்லை என்ற புகார் எழுந்தது. எர்ணாகுளம், திருச்சூர் மாவட்ட ஆட்சியர்களையே நேரில் ஆய்வு செய்யுமாறு நீதிமன்றம் பணித்தது.

அதற்கு முன், 2019 டிசம்பரில் கொச்சி பாலாரிவட்டத்தில், குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடப்படாமல் கிடந்த பள்ளத்தைத் தவிர்க்க முயன்ற இளைஞர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். தோண்டியவர் ஒருவர், சாலைக்குப் பொறுப்பானவர் வேறொருவர் என்ற இழுபறிக்கு நடுவே மாதக்கணக்கில் திறந்து கிடந்த பள்ளம் அது.

யார் பொறுப்பு?

2013 முதல் 2017 வரை நாடு முழுவதும் சாலைக் குழிகளால் 14,926 பேர் உயிரிழந்ததை அறிந்து உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் அதிர்ச்சி தெரிவித்தது. எல்லையிலோ பயங்கரவாதிகளாலோ இறப்பவர்களைவிட இது அதிகமாக இருக்கக்கூடும் என்றும் அது கருத்துக் கூறியது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இறந்தவர்கள் 1,856 பேர்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, தரக்குறைவான சாலையால் மரணம் நேர்ந்தால் அதற்குப் பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ரூ. 1 லட்சம் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. மும்பை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் இன்னும் ஒருபடி மேலே சென்று, குழியால் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ. 6 லட்சம் இழப்பீடு வழங்கவும், அத்தொகையைத் தவறு செய்தவர்களிடம் வசூலிக்கவும் உத்தரவிட்டது.

கேரளத்தில் அடி சுங்கச் சாவடியிலேயே விழுந்தது. இடப்பள்ளி - மண்ணுத்தி நெடுஞ்சாலையின் மோசமான நிலையைக் காரணம் காட்டி, பாலியக்கரை சாவடியில் கட்டணம் வசூலிக்க உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தடை விதித்தது. எதிர்த்து மேல்முறையீடு செய்த தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஏற்கெனவே வரி செலுத்திய குடிமக்கள் குழிகளில் செல்ல மேலும் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். அக்டோபரில்தான் வசூல் மீண்டும் தொடங்கியது.

மாநிலப் பொதுப்பணித் துறை தனது சாலைகளுக்குத் தொடர் பராமரிப்பு ஒப்பந்த முறையைக் கொண்டுவந்து, ஒப்பந்ததாரரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சாலையோரப் பலகையில் எழுதிவைத்தது. குழியைக் கண்டவர் யாரைக் கேட்பது என்பதற்கு அது ஒரு விடை. மாநகராட்சி, குடிநீர் ஆணையம், நெடுஞ்சாலை ஆணையம் எனப் பல கைகளில் சாலைகள் சிதறிக் கிடக்கும் நகரில் இந்த விடை எல்லாத் தெருவுக்கும் கிடைக்க வேண்டும்.

கலவை மூட்டையில் தயார்; நெறிமுறையும் 2014 முதல் கையில் உள்ளது. முதல் மழையில் விழும் முதல் குழியின் அருகே மூட்டையைப் பிரிக்க வேண்டியவர் யார் என்பதை மழைக்கு முன்பே முடிவு செய்வதுதான் பாக்கி.