எலெக்ட்ரான் என்னும் உரைகல்

கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஆழ்சுரங்கத் தொழில் 2001 பிப்ரவரி 28இல் நின்றது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள், 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உழைத்துக் கொணர்ந்த பொன்னை நாம் அறிவோம். அப்பொன்னுக்குள் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன? உரைகல் மாற்றைக் கூறும், அடுக்கைக் கூறாது. அடுக்கைக் கூறுவது எலெக்ட்ரான் கற்றை.

தொலைவிலுள்ள தெருவிளக்கை மெல்லிய குடைத்துணியின் வழியே நோக்கினால், ஒளி பல புள்ளிகளாகப் பிரிந்து தோன்றும். இழைகள் நெருங்க நெருங்கப் புள்ளிகள் விலகும். ஆகவே, புள்ளிகளின் இடைவெளியைக் கொண்டு நெசவின் நெருக்கத்தைக் கணக்கிடலாம். இதுவே விளிம்பு விளைவு.

படிகமும் அணுக்களால் ஆன நெசவே. ஆயின், கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலை அதற்கு மிகப் பெரிது. ஒரு லட்சம் வோல்ட் அழுத்தத்தில் விரைவூட்டிய எலெக்ட்ரானின் அலைநீளமோ ஏறத்தாழ 0.0037 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டராகும்.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 1927இல் ஜி. பி. தாம்சன் தொடங்கிய ஆய்வுகளில், மிக மெல்லிய பொன் தகட்டை ஊடுருவிய எலெக்ட்ரான்கள் புகைப்படத் தட்டில் வளையங்களைப் பதித்தன. எலெக்ட்ரானுக்கு அலையியல்பு உண்டென்பதற்கு அது சான்றாயிற்று. 1937இல் டேவிசனுடன் அவர் நோபல் பரிசு பெற்றார். எச்சுரங்கத்துப் பொன்னாயினும் அதன் அடிப்படைக் கட்டு, 0.408 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரமே என்பதையும் அவ்வளையங்களால் அளக்கலாம்.

அவ்வாறாயின், பொன்னை எத்துணை நுணுக்கினும் அதன் இயல்பு மாறாதோ? மாறும். 1966இல் ஜப்பானிய அறிஞர் இனோ, நுண்ணிய பொன் துகள்களுள் சில, பல சிறு படிகங்கள் ஒட்டி ஐந்து மடிப்புச் சமச்சீருடன் அமைந்திருப்பதை இம்முறையால் கண்டார். 1976இல் சுவிட்சர்லாந்தில் பூஃபா, பொரெல் ஆகியோர் இத்தகைய துகள்களைச் சூடேற்றினர். படிகம் உருகுங்கால் அடுக்கு குலையும். கூரிய வளையங்களும் மறையும். பொற்கட்டி உருகுவது 1064 டிகிரி சென்டிகிரேடில். இரண்டு, மூன்று நானோமீட்டர் அளவுள்ள துகள்களிலோ, அதற்குப் பல நூறு டிகிரி குறைந்த வெப்பத்திலேயே வளையங்கள் மறைந்தன. இத்துணைச் சிறு துகளில் அணுக்களுள் பெரும்பங்கு மேற்பரப்பில் உள்ளன. சுற்றிலும் பிணைப்பின்மையால் அவை எளிதில் நெகிழ்கின்றன.

உலையில் உருக்கி நம்மவர் கண்டறிந்த இயல்புகள் பொய்யல்ல. அவை கட்டியின் இயல்புகள். துகளின் இயல்பைத் துகளிடமே கேட்டறிதல் வேண்டும். அதற்கு வாய்த்த உரைகல் எலெக்ட்ரானே.