வரி வாங்கும்போது உள்ளூரார். படிக்கப் போனால் வெளியாரா?

உழைக்கிறான் ஒருவன், கடல் கடந்த நாட்டில். அங்கே வாடகை கொடுக்கிறான், வரி கொடுக்கிறான், கடையில் சட்டை வாங்கினால் அதற்கும் விற்பனை வரி கொடுக்கிறான். அவன் மனைவி, அதே ஊரில் உள்ள பல்கலைக் கழகத்தில் சேர்ந்து படிக்கப் போகிறாள். "நீ இந்த ஊர்க்காரி அல்ல; உள்ளூரார் கட்டுவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கட்டு!" என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம் நாம்!

அமெரிக்காவில் நடப்பதைத்தான் சொல்கிறோம். அந்நிய நாட்டிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கென வேலைக்கு வரும் தொழில் நிபுணர்களுக்கு 'எச்-1பி' விசா. முதலில் மூன்றாண்டு, பிறகு மொத்தம் ஆறாண்டு, நிரந்தரக் குடியுரிமைச் சீட்டுக்கு மனுப் போட்டுக் காத்திருந்தால் அதற்கு மேலும் நீளும். அவர்களுடைய மனைவிக்கோ கணவனுக்கோ 'எச்-4' விசா. எச்-1பி பெறுவோரில் பத்துக்கு ஏழு பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். அவர்களிலே தமிழர்கள் ஏராளம். ஆலையில் ஷிப்டு பார்த்து மகளைப் பட்டதாரியாக்கிய தகப்பன்மார், இதைப் படிக்கும் தோழர்களிலும் இருப்பீர்கள். ஆகவே இது எங்கோ நடக்கும் கதை அல்ல. நம் வீட்டுக் கதை.

அங்கே அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் கட்டணம் இரு வகை. மாநிலத்தாருக்கு ஒன்று, வெளியாருக்கு மற்றொன்று. வித்தியாசம் கொஞ்ச நஞ்சமா? கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் 2025–26 கல்வியாண்டில் புதிதாகச் சேரும் வெளியார், இளநிலைப் படிப்புக்கு உள்ளூரார் கட்டுவதற்கு மேல் ஆண்டுக்கு 37,602 டாலர் கட்ட வேண்டும்! அந்நிய நாட்டு விசாவில் இருப்போருக்கு மத்திய சர்க்காரின் படிப்புக் கடனும் இல்லை; உதவித் தொகையும் இல்லை.

உள்ளூரார் யார், வெளியார் யார் என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? சாதாரணமாக ஓராண்டு அந்த மாநிலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும். அங்கேயே நிலைத்து வாழும் எண்ணமும் வேண்டும். இந்த 'எண்ணம்' என்ற சொல்லில்தான் முடிச்சு இருக்கிறது. "நீ தற்காலிகமாக வந்தவள், உனக்கு ஏது நிலைத்து வாழும் எண்ணம்?" என்று விசாவைக் காட்டி வழி மறிக்க இடம் பிறக்கிறது.

ஆனால் அந்நாட்டுச் சட்டம் சொல்வது என்ன? மாணவர் விசாவான 'எப்-1'இல் வருபவர், தாய்நாட்டில் உள்ள குடியிருப்பைக் கைவிடும் எண்ணம் இல்லை என்று காட்டியாக வேண்டும். எச்-1பி தொழிலாளிக்கு அந்த நிபந்தனையை 1990-ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கிவிட்டது. அங்கேயே குடியேற மனுப் போடலாம், குற்றமில்லை. குடியேற நினைப்பது குற்றமில்லை என்று நாடே சொன்ன பிறகு, "உனக்கு அந்த எண்ணம் இருக்க முடியாது" என்று கல்லூரிக் குமாஸ்தா சொல்வது எப்படிப் பொருந்தும்?

இதே கேள்வி வேறொரு வழக்கில் எழுந்தது. சர்வதேச வங்கிகளில் பணியாற்றிய அந்நிய நாட்டாரின் பிள்ளைகளுக்கு, மேரிலாந்துப் பல்கலைக் கழகம் உள்ளூர்க் கட்டணத்தை மறுத்தது. மாணவர்கள் வழக்காடினர். 1982-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு மாணவர் பக்கமே தீர்ப்பளித்தது. மத்திய சட்டம் குடியேறத் தடை போடாத விசாக்காரர் மீது மாநிலம் தனிச் சுமை ஏற்றலாகாது என்பது தீர்ப்பின் சாரம். அது எச்-4 பற்றிய வழக்கு அல்ல; ஆனால் அந்த நியாயம் இவர்களுக்கும் பொருந்தாதா?

பொருந்தும் என்று உணர்ந்த மாநிலங்கள் உண்டு. வாஷிங்டன் மாநிலம், அங்கே வசிக்கும் எச்-1பி தொழிலாளியையும், அவர் மனைவி மக்களையும் உள்ளூராராகக் கொள்ள 2009-இல் சட்டமே செய்தது. கலிபோர்னியாவும் எச்-4 விசாவைத் தடையாகக் கருதுவதில்லை. ஆயினும் ஊருக்கு ஊர் விதி வேறு; ஒரே விசா, ஒரே குடும்பம், மாநில எல்லை தாண்டினால் நிலை மாறுகிறது.

இடையில் சிக்கித் தவிப்பது மனைவிதான்! எச்-4 விசாவில் படிக்கலாம். வேலை செய்ய முடியாது. 2015-இல் கதவு சற்றே திறந்தது. அதுவும், பெரும்பாலும் கணவனின் குடியேற்ற மனு முதற்கட்டம் தேறிய பெண்களுக்கே. "வேலை வேண்டுமே, மாணவர் விசாவுக்கு மாறுவோம்" என்று மாறினால், வளாகத்தில் சிறு வேலை கிடைக்கும். ஆனால் 'திரும்பிப் போகிறவள்' ஆகி, உள்ளூர்க் கட்டணம் கைநழுவும். ஒரு கையில் கொடுத்து மறு கையில் பறிக்கும் வித்தை!

"எங்கள் மாநிலத்தார் வரிப் பணத்தில் நடக்கும் கல்லூரி, வந்தவருக்கெல்லாம் சலுகையா?" என்பர் சிலர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. வரி கொடுப்பவருக்கே உரிமை. அப்படியானால் இந்தத் தொழிலாளியும் வரி கொடுப்பவர்தானே! ஆண்டில் பெரும்பகுதி தங்கி உழைப்பவரை, மத்திய வருமான வரி அலுவலகம் 'குடியிருப்பவர்' என்றே கணக்கில் எழுதுகிறது. முதியோர் ஓய்வூதிய நிதிக்கும் அவர் சம்பளத்தில் பிடிக்கிறது. பணம் வாங்கும் ஏட்டில் குடியிருப்பவர்; பாடம் சொல்லும் ஏட்டில் வெளியாரா? நாம் கேட்பது சலுகை அல்ல, ஒரே அளவுகோல்!

தோழர்களே! மகள் அயல்நாட்டில் இருந்தால் இன்றே சொல்லுங்கள்: சேருமுன் அந்தப் பல்கலைக் கழகத்தின் குடியிருப்பு விதியைப் படிக்கட்டும். வாடகைப் பத்திரம், வரிக் கணக்கு, வண்டி ஓட்டும் உரிமம், தங்கிய நாள் கணக்கு அனைத்தையும் பத்திரப்படுத்தட்டும். விசாவை மாற்றுமுன் கட்டணத்தையும் கணக்கிடட்டும். மறுத்தால், எந்த விதியின்படி மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேட்கட்டும்.

உழைப்பை ஏற்றுக்கொண்ட ஊர், உழைப்பவரின் குடும்பத்தையும் ஏற்றுக்கொள்ளட்டும். வரிக்கு ஒரு முகம், வகுப்புக்கு ஒரு முகம் காட்டுவது நீதி ஆகாது!