முழங்கால் சில்லுக்கு ஒரு செக் ரெயில்

பரதநாட்டிய வகுப்பில் சட்டென்று திரும்பும்போது என் பேத்தியின் முழங்கால் சில்லு வெளிப்பக்கமாக நழுவிவிட்டது. காலை நீட்டியதும் தானே இடத்துக்கு வந்தது. ஊரிலிருந்து போன் செய்த உறவினர்கள், "எண்ணெய் போட்டு நீவி ஒரு கட்டுக் கட்டினால் சரியாகிவிடும்" என்றார்கள். டாக்டரோ ஸ்கேன் எடுத்து, குருத்தெலும்பு உடையவில்லை என்று பார்த்துக்கொண்டு, "முதல் தடவைதானே, தொடைத் தசைக்குப் பயிற்சி போதும்" என்றார். ஏழு மாதம் கழித்து மாடிப்படியில் மறுபடியும் நழுவியது. அப்போதுதான் ஆபரேஷன் பேச்சு வந்தது.

முழங்கால் சில்லு, தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள பள்ளத்தில் ஏறி இறங்குகிறது. கால் நன்றாக மடங்கியிருந்தால் பள்ளத்தின் சுவரே அதைப் பிடித்துக்கொள்ளும். நீட்டிய நிலையிலிருந்து சுமார் 30 டிகிரி மடங்கும் வரை அந்தப் பிடிப்பு குறைவு. அப்போது காவல் நிற்பது, சில்லின் உள் ஓரத்தைத் தொடை எலும்போடு இணைக்கும் மெல்லிய லிகமென்ட். சில்லு நழுவும்போது இது கிழிகிறது, ஆறினாலும் தளர்ந்துபோகலாம்.

ஆபரேஷனில், தொடையின் பின்புறத் தசைநாண் ஒன்றை எடுத்து அதே வழியில் புது லிகமென்டாகப் பொருத்துகிறார்கள். தொடை எலும்பில் துளையிடும் இடத்தை எக்ஸ்ரேயில் பார்த்தே குறிக்கிறார்கள்.

"இனி நழுவவே கூடாது, நன்றாக இழுத்துக் கட்டுங்கள்" என்றேன். டாக்டர் சிரித்தார். "அதுதான் தப்பு சார். அதிகம் இறுக்கினால் கால் மடங்காது, குருத்தெலும்பு தேயும். இது சில்லை இழுக்கக் கூடாது. விலகும்போது தடுத்தால் போதும்."

எனக்கு உடனே புரிந்தது. கூர்மையான வளைவுகளில் உள் தண்டவாளத்தை அடுத்து செக் ரெயில் போடுவோம். அகலப்பாதையில் குறைந்தது 44 மி.மீ. இடைவெளி விடவேண்டும். சக்கரத்தை நெருக்குவது அதன் வேலையல்ல. தடம் விட்டு ஏறாமல் தடுப்பதுதான்.

பாதையே கோணலென்றால் செக் ரெயில் மட்டும் உதவாது. பள்ளம் ஆழமில்லாதவர்களுக்கும், சில்லின் நாண் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வெளிப்பக்கம் தள்ளி இணைந்தவர்களுக்கும் எலும்பையும் திருத்த வேண்டியிருக்கலாம். இதை டாக்டரிடம் முன்பே கேளுங்கள்.

ஊன்றுகோல் சில வாரம், பயிற்சி பல மாதம். ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு மாதமாவது ஆகும். பேத்தி இப்போது பயிற்சியில் இருக்கிறாள். அரங்கேற்றம் தள்ளிப்போயிருக்கிறது, நின்றுபோகவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சில்லு நழுவினால், நீவிவிடும் முன் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.